அடித்த விசிலை விழுங்க முடியாது: பவுலுக்குப் பின்னும் ஆட்டத்தைத் தொடர விடுவது எப்போது?

மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு சனிக்கிழமை மாலை. பகலெல்லாம் வாட்டிய கச்சான் காற்று ஓய்ந்து, கடல் பக்கமிருந்து சற்றுக் குளிர்ச்சி வரத் தொடங்கியிருந்தது. இரண்டு உள்ளூர் உதைபந்தாட்டக் கழகங்கள் மோதிக்கொண்டிருந்தன. ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லை; இரு பக்கமும் கோல் இல்லை. வலப்பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தோடு ஓடிய பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் கணுக்காலை எதிரணிப் பின்கள வீரர் பின்னாலிருந்து தட்டினார். பையன் தடுமாறினான், ஒரு கையை மணலில் ஊன்றினான், ஆனால் விழவில்லை. அந்த நிலையிலேயே பந்தை உள்ளே தள்ளிவிட்டான். அங்கே அவனுடைய தோழன் தனியாக நின்றான். எதிரே கோல் காப்பாளர் மட்டும்தான்.

அப்போது விசில் ஒலித்தது.

தோழன் நிற்கவில்லை. அடித்தான், பந்து வலைக்குள் போனது. நடுவரோ பவுல், அதாவது விதிமீறல், நடந்த இடத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். ப்ரீ கிக். அதற்குள் எதிரணியினர் எட்டுப் பேர் கோலுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டார்கள். பந்து அரணில் பட்டுத் தெறித்தது. எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்பது வேறொன்று: காலைத் தட்டிய பின்கள வீரரின் முதுகில் அவருடைய கோல் காப்பாளர் தட்டிக்கொடுத்தார். நல்ல வேலை செய்தாய் என்பதுபோல்.

பவுல் நடந்தது உண்மை, நடுவர் அதைச் சரியாகக் கண்டதும் உண்மை. அப்படியிருந்தும் பவுல் செய்த அணிக்கே அந்த விசில் உதவியது. கால் தட்டப்பட்டவனின் அணி உறுதியான ஒரு கோலைக் கொடுத்துவிட்டு, முப்பது மீற்றர் தூரத்திலிருந்து ஒரு உதையை வாங்கிக்கொண்டது. இந்த அநியாயம் நேராமல் இருக்கத்தான் உதைபந்தாட்டத்தில் சாதக விதி இருக்கிறது. நம் மைதானங்களில் அதை 'அட்வான்டேஜ்' என்றே சொல்கிறோம். பெயரை எல்லோரும் அறிவார்கள். எப்போது கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்கவே கூடாது என்பதில்தான் வீரர்களுக்கும் பார்வையாளர்களுக்கும், ஏன், நடுவர்கள் சிலருக்கும்கூடத் தெளிவு போதவில்லை.

ஆட்டத்தின் 17 விதிகளில் ஐந்தாவது, நடுவரைப் பற்றியது. குற்றம் இழைக்கப்பட்ட அணிக்கு ஆட்டம் தொடர்வதே நன்மை தரும் என்றால் நடுவர் ஆட்டத்தைத் தொடர விட வேண்டும். எதிர்பார்த்த நன்மை அப்போதே, அல்லது சில நொடிகளுக்குள், கிடைக்கவில்லை என்றால் முதலில் நடந்த குற்றத்துக்கே திரும்பிப் போய்த் தண்டிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இது இன்று நேற்று வந்த எண்ணமும் அல்ல. பவுலைக் கண்டும் விசில் அடிக்காமலிருக்கும் உரிமை 1903இலேயே நடுவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் நெடுங்காலத்துக்கு அது ஒருவழிப் பாதையாக இருந்தது. தொடர விட்டால் விட்டதுதான். அடுத்த நொடியே பந்து பறிபோனாலும் திரும்பி வர வழியில்லை. அதனால் அந்தக் காலத்து நடுவர்கள் அஞ்சி அஞ்சியே அட்வான்டேஜ் கொடுத்தார்கள். 1990களில் விதி திருத்தப்பட்டு, 'சில நொடிகள் பார்த்துவிட்டுத் திரும்பலாம்' என்ற வாசல் திறந்தது. இன்று நாம் காணும் வேகமான ஆட்டத்துக்கு அந்தச் சிறு திருத்தம் எவ்வளவு உதவியிருக்கிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இந்தத் திருத்தத்துக்குள் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. விசில் அடிக்காமல் இரண்டு நொடி காத்திருந்தால் நடுவர் எதையும் இழப்பதில்லை. நன்மை வந்தால் நல்லது. வராவிட்டால் அப்போது அடிக்கலாம். ஆனால் விசிலை அடித்துவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகு வலைக்குள் போகும் பந்து கோல் ஆகாது. எவ்வளவு வருந்தினாலும், மன்னிப்புக் கேட்டாலும் ஆகாது. அடித்த விசிலை விழுங்க முடியாது. அடிக்காத விசிலை அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

உலகின் மிகப் பெரிய மேடைகளில் ஒன்றிலேயே இது நடந்திருக்கிறது. 2006 மே 17, பாரிஸ் நகரை ஒட்டிய ஸ்டேட் டி பிரான்ஸ் அரங்கு. சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, பார்சிலோனாவும் ஆர்சனலும். 18ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் சாமுவேல் எட்டோ பந்தோடு தனியாகப் பாய்ந்தபோது, ஆர்சனல் கோல் காப்பாளர் யென்ஸ் லேமன் தண்டப் பகுதிக்கு, அதாவது கோலுக்கு முன்னுள்ள பெனால்டிப் பகுதிக்கு, வெளியே வந்து அவரை வீழ்த்தினார். உருண்ட பந்து லுடோவிக் ஜூலியின் காலுக்கு வந்தது. வெறுமையாக இருந்த கோலுக்குள் அவர் அதைத் தள்ளினார். ஆனால் நோர்வே நடுவர் தெர்யே ஹாவ்கே அதற்கு முன்னரே விசில் அடித்திருந்தார். கோல் செல்லாது. லேமனுக்குச் சிவப்பு அட்டை; பார்சிலோனாவுக்கு ப்ரீ கிக்; அதில் கோல் விழவில்லை.

நடுவர் ஓரிரு நொடி பொறுத்திருந்தால் கோலும் கிடைத்திருக்கும், லேமன் மஞ்சள் அட்டையோடு களத்திலும் நின்றிருப்பார். அவசர விசில் பார்சிலோனாவிடமிருந்து ஒரு கோலைப் பறித்தது. ஆர்சனலிடமிருந்து ஒரு வீரரைப் பறித்தது. பார்க்க வந்தவர்களுக்கு பதினொருவர் எதிர் பதினொருவர் இறுதிப் போட்டியே இல்லாமல் போனது. பார்சிலோனா 2–1 என்று வென்றதால் கதை ஒருவாறு அடங்கியது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று ஹாவ்கே பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். கல்லடியில் விசில் அடித்தவரை அன்று மாலை திட்டித் தீர்த்தவர்களிடம் நான் சொன்னதும் இந்தக் கதையைத்தான்.

சரி, நன்மை என்றால் என்ன? நம் ஊரில் மிகப் பரவலான தவறான எண்ணம் இங்கேதான் இருக்கிறது. பவுலுக்குப் பிறகும் பந்து தன் அணிக்காரனிடம் இருந்தால் அதுவே அட்வான்டேஜ் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பந்து காலில் இருப்பது முதல் நிபந்தனை மட்டுமே. தன் பாதிக்குள், பக்கக் கோட்டோரமாக, மூன்று பேர் சூழ நிற்கும் ஒருவனிடம் பந்து இருப்பதில் என்ன நன்மை? அவனுக்கு ஒரு ப்ரீ கிக் கொடுத்து, மூச்சு வாங்கவும் தோழர்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும் விடுவதே உதவி. பந்து யாரிடம் என்பதோடு வேறு சிலவற்றையும் நடுவர் ஒரே பார்வையில் அளந்துகொள்ள வேண்டும். முன்னால் வெளி இருக்கிறதா? தாக்குபவர் எத்தனை பேர், தடுப்பவர் எத்தனை பேர்? எதிரணியின் கோல் எவ்வளவு தூரம்? பந்து வைத்திருப்பவன் கோலை நோக்கி நிற்கிறானா, முதுகைக் காட்டி நிற்கிறானா? இந்த ப்ரீ கிக்கை விடச் சிறந்த ஒன்று அடுத்த இரண்டு மூன்று நொடிகளில் அந்த அணிக்குக் கிடைக்கப்போகிறதா என்பதே கேள்வி. 'ஆம்' என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் விசிலை அடித்துவிடலாம்.

தண்டப் பகுதிக்குள் இந்தக் கணக்கு தலைகீழாக மாறுகிறது. பெனால்டி என்பது சும்மா ஒரு ப்ரீ கிக் அல்ல. 11 மீற்றரிலிருந்து, தடுப்பவர் எவரும் குறுக்கே நில்லாமல் அடிக்கும் அடி. உயர்மட்ட ஆட்டங்களில் நான்கில் மூன்று பெனால்டிகளாவது கோலாகின்றன. அதைக் கைவிட்டு ஆட்டத்தைத் தொடர விட வேண்டுமானால் கிடைக்கப்போவது அதைவிட உறுதியாக இருக்க வேண்டும். வெறும் கோலுக்கு முன்னால், இரண்டு மீற்றரில், பந்து தோழனின் காலில் இருந்தால் விடலாம். பக்கவாட்டில், குறுகிய கோணத்தில், எதிரே கோல் காப்பாளர் நிற்க, தடுமாறி எழுந்தவன் ஒரு அடி அடிப்பான் என்பதற்காக விடக்கூடாது. அதனால்தான் அனுபவமுள்ள நடுவர் தண்டப் பகுதிக்குள் கைகளை நீட்டி அட்வான்டேஜ் சைகை காட்டுவதில்லை. மௌனமாக ஒரு நொடி, ஒன்றரை நொடி பார்க்கிறார். கோல் விழுந்தால் நடுக்கோட்டைக் காட்டுகிறார். விழும் வாய்ப்பே அமையவில்லை என்றால் தண்டப் புள்ளியைக் காட்டுகிறார். பார்வையாளர்களுக்கு அது தயக்கமாகத் தெரியலாம். அந்தத் தயக்கம் கற்றுக்கொண்டு வந்தது.

காத்திருத்தலும் சைகையும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு கைகளையும், அல்லது ஒரு கையை, முன்னோக்கி நீட்டுவது 'நான் பவுலைப் பார்த்தேன், ஆனாலும் நன்மை இருக்கிறது, விளையாடுங்கள்' என்ற அறிவிப்பு. அதைக் காட்டிய பிறகு மனம் மாறினால் குழப்பம்தான். 2023 டிசம்பர் 3ஆம் திகதி மன்செஸ்டர் சிட்டி–டொட்டென்ஹாம் ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் இதுதான் நடந்தது. சிட்டியின் ஹாலண்ட் தடுக்கப்பட்டார், எழுந்தார். நடுவர் சைமன் ஹூப்பர் ஆட்டத்தைத் தொடரச் சைகை காட்டினார். ஹாலண்ட் நீண்ட பந்தொன்றை ஜாக் கிரீலிஷுக்கு முன்னால் போட்டார். கிரீலிஷ் கோலை நோக்கி ஓடும்போது விசில் வந்தது. ஆட்டம் 3–3 என்று முடிந்தது. சிட்டி வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டதற்காக அந்தக் கழகத்துக்கு 120,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. வீரர்கள் அப்படிச் சூழ்ந்தது பிழை, அபராதம் நியாயம். ஆனால் காத்திருந்த நடுவர் நன்மை கண்ணெதிரே மலர்ந்த பிறகு விசில் அடித்ததை எந்த விதியாலும் விளங்கப்படுத்த முடியாது.

எத்தனை நொடி என்று விதிப்புத்தகம் எண் சொல்லவில்லை. நடைமுறையில் இரண்டு, மூன்று. ரக்பியில் அட்வான்டேஜ் நெடுநேரம் ஓடும். கண்டி ரக்பி பார்த்துப் பழகியவர்கள் அதையே உதைபந்தாட்டத்திலும் எதிர்பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். இங்கே அது கிடையாது. நன்மை கிடைத்து, தெளிவான ஒரு அடியும் அடித்து, பந்தைத் தென்னை மரத்துக்கு மேலே அனுப்பிவிட்டு, 'பவுலைத் தாருங்கள் சேர்' என்று கேட்க முடியாது. நடுவர் கொடுக்க வேண்டியது வாய்ப்பை. அது கொடுக்கப்பட்டது, வீணானது, அவ்வளவுதான்.

எப்போது தொடர விடவே கூடாது? கடுமையான பவுல். எதிராளியின் உடலுக்கு ஆபத்து விளைவிக்கும் தாக்குதல், அடிதடி, இரண்டாவது மஞ்சள் அட்டைக்குரிய குற்றம் ஆகிய மூன்றிலும், கோல் அடிக்கத் தெளிவான வாய்ப்பு இருந்தாலொழிய, விசில் உடனே வர வேண்டும் என்று விதியே சொல்கிறது. வெளியேற்றப்பட வேண்டிய ஒருவர் களத்தில் நின்றுகொண்டே பந்தைத் தொடலாம், கோலைத் தடுக்கலாம், இன்னொருவரை உதைக்கலாம். அப்படி நன்மைக்காகத் தொடர விட்டிருந்தாலும், அவர் ஆட்டத்தில் தலையிட்ட கணமே நடுவர் நிறுத்தி, அவரை வெளியேற்றி, நேரல்லாத ப்ரீ கிக் (நேரே அடித்துக் கோலாக்க முடியாத உதை) கொடுக்க வேண்டும்.

விதி சொல்வதற்கு மேலே நான் ஒன்றைச் சேர்ப்பேன். நம் மைதானங்களில் ஆட்களின் சூடும் ஒரு அளவுகோல்தான். ஆட்டத்தின் சூழலையும் நடுவர் கருத்திற்கொள்ளும்படி வழிகாட்டல்களும் சொல்கின்றன. மருதமுனையிலோ ஏறாவூரிலோ ஓர் இறுதிப் போட்டி, கோட்டுக்கு ஓரடி தள்ளி இருபுறமும் ஆட்கள் தோளோடு தோள் நிற்கிறார்கள், வேலி இல்லை. முதல் இருபது நிமிடத்துக்குள் மூன்று கடும் மோதல்கள் நடந்துவிட்டன. நான்காவதாக ஒருவன் உதைபடுகிறான், பந்து அவன் அணியிடமே இருக்கிறது. நடுவர் 'விளையாடுங்கள்' என்கிறார். விதிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் உதைபட்டவனும் அவன் அண்ணன் தம்பிமாரும் 'இவர் பார்க்கவில்லை, இனி நாமே பார்த்துக்கொள்வோம்' என்று முடிவெடுத்துவிட்டால், அடுத்த மோதலுக்கு விசில் போதாது. அப்படிப்பட்ட கட்டத்தில் ஒரு விசில், ஒரு பேச்சு, தேவைப்பட்டால் ஒரு அட்டை. அது ஆட்டத்தைக் காப்பாற்றும். சிறுவர் ஆட்டங்களில் இதை இன்னும் தாராளமாகச் செய்ய வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு மணலில் கிடக்கும்போது முன்னால் மூவர் இருவர் என்று எண்ணிக்கொண்டிருப்பது நடுவருக்கு அழகல்ல.

அட்டை பற்றிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'ஆட்டத்தை விட்டுவிட்டார், இனி அட்டை இல்லை' என்று பவுல் செய்தவர் நிம்மதியாக ஓடுவதைப் பார்க்கிறோம். அப்படி இல்லை. அட்டைக்குரிய குற்றத்துக்கு அட்வான்டேஜ் கொடுத்தால், அடுத்த முறை பந்து ஆட்டத்திலிருந்து வெளியேறும்போது நடுவர் அட்டையைக் காட்டியே ஆக வேண்டும். குற்றத்தின் வகையைப் பொறுத்து ஒரு சலுகை உண்டு. நல்லதொரு தாக்குதலைக் குலைத்ததுதான் குற்றம் என்றால், அட்வான்டேஜ் கொடுத்ததும் அந்தத் தாக்குதல் குலையவில்லை என்றாகிவிடுகிறது. ஆகவே 2020 முதல் அதற்கு மஞ்சள் அட்டை கிடையாது. வெளிப்படையான கோல் வாய்ப்பைத் தடுக்க முயன்றிருந்தால் சிவப்பு, மஞ்சளாகக் குறையும். இன்று லேமன் அதே தவறைச் செய்து, ஜூலியின் கோல் ஏற்கப்பட்டிருந்தால், சிவப்பு வந்திருக்காது. ஆனால் எதிராளியைப் பற்றிய கவலையே இல்லாமல் காலை வீசியதற்கான மஞ்சள் எந்தச் சலுகையாலும் மறைவதில்லை. அது காலை வீசியதற்கான தண்டனை. தாக்குதல் நின்றதா தொடர்ந்ததா என்பது அதற்குப் பொருட்டல்ல.

இனி மண்ணுக்கு வருகிறேன், உண்மையாகவே மண்ணுக்கு. விதிப்புத்தகத்தை எழுதியவர்கள் பச்சைப் புல்தரையை மனத்தில் வைத்து எழுதினார்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நாம் விளையாடும் தரை பல வகை. அமெரிக்காவிலிருந்து வந்து மட்டக்களப்பில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய வெபர் மைதானத்தில் பந்து ஓடும் ஓட்டம் வேறு. நாவலடியிலோ திருக்கோவிலிலோ கடற்கரையை ஒட்டிய மணலில் ஓடும் ஓட்டம் வேறு. மணலில் முன்னால் போட்ட பந்து பத்து மீற்றரில் வேகம் இழந்துவிடும். தடுமாறி எழுந்தவன் மீண்டும் வேகம் பிடிக்க இரண்டு அடி கூடுதலாகத் தேவை. அதற்குள் பின்கள வீரர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். புல்லில் நன்மையாகத் தெரிவது மணலில் நன்மை ஆவதில்லை. மாரி தொடங்கினால் இன்னும் மோசம். கார்த்திகை மழைக்குப் பிறகு மைதானத்தின் ஒரு மூலை குளமாகியிருக்கும். ஆட்டம் அந்த மூலையை நோக்கிப் போகிறதென்றால் எந்த அட்வான்டேஜும் தண்ணீரில் நின்றுவிடும். நடுவர் ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது இதையெல்லாம் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்தப் பக்கம் இறுக்கமான தரை, எந்தப் பக்கம் புதைமணல், காற்று எங்கிருந்து வீசுகிறது. ஆடி மாதத்துக் கச்சானில் உயரமாகப் போட்ட பந்து எங்கே இறங்கும் என்று அடித்தவனுக்கே தெரியாது.

ஆகவே நம் உள்ளூர் ஆட்டங்களுக்கு என் தீர்ப்பு இதுதான். தன் பாதிக்குள் நடக்கும் பவுல்களுக்கு அட்வான்டேஜைச் சிக்கனமாகவே பயன்படுத்த வேண்டும். பெரும்பாலும் விசிலே நல்லது. எதிரணியின் கோலை நெருங்க நெருங்க நடுவரின் பொறுமை கூட வேண்டும். நாம் அடிக்கடி செய்வது இதற்கு நேர்மாறு. நடுக்களத்தில் பெருந்தன்மையோடு விட்டுவிட்டு, கோலுக்கு இருபது மீற்றரில் பதற்றப்பட்டு அடித்துவிடுகிறோம். பதற்றத்துக்குக் காரணம் எனக்குப் புரிகிறது. கோலுக்கு அருகில் நடந்த பவுலைக் கண்டும் காணாதவர் என்று யாராவது கத்திவிடுவார்களோ என்ற அச்சம். பல ஆட்டங்களில் உதவிக்குக் கோட்டு நடுவர்கள் கூட இல்லை. ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கிறார். 'நான் பார்த்தேன்' என்று காட்ட அவரிடம் உள்ள ஒரே கருவி விசில். ஆனால் நீட்டிய கைகளும் உரத்த குரலும் அதையே காட்டும். 'பவுல் பார்த்தேன், விளையாடுங்கள்' என்று மைதானம் முழுவதும் கேட்கச் சொன்னால், உதைபட்டவன் கை தூக்கி நின்று முறையிடுவதை விட்டு எழுந்து ஓடுவான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற ஒரு நடுவர். கல்முனைப் பக்கத்தில் பல ஆண்டுகள் விசில் பிடித்தவர். இப்போது விடுமுறை நாட்களில் இளைஞர்கள் சிலருக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, பயிற்சி ஆட்டத்தை நடத்திய பையன் மூன்று பவுலுக்கும் உடனுக்குடன் அடித்துவிட்டான். அவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

"தம்பி, விசில் எங்கே இருக்கிறது?"

"வாயில், சேர்."

"அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள். பவுலைக் கண்டதும் கை வாய்க்குப் போகட்டும். போகிற நேரத்தில் பந்து எங்கே போகிறது என்று பார்."

கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றி, பையனின் வலது கை விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். ஆட்டம் மீண்டும் தொடங்கியது. ஐந்து நிமிடம் போயிருக்கும். இடப்பக்கத்தில் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுக்கப்பட்டான். அவன் பந்தைத் தோழனுக்குத் தள்ளிவிட்டுச் சரிந்தான். நடுவர் பையனின் கை மேலே போனது. மார்பளவு போய் நின்றது. பின்பு விரல்கள் விரிய இரண்டு கைகளும் முன்னால் நீண்டன, "விளையாடுங்கள்!" என்று அவன் கத்திய குரல் கரகரத்தது. விசில் கயிற்றின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது.